சர்க்கரை நோயும் சேற்றுப்புண்ணும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களுக்கு ஓர் எண்ணை அன்றாடம் விசாரிக்கும் பழக்கம் உண்டு. மேட்டூர் அணையின் நீர்மட்டம்தான் அது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நூறு அடிக்கு மேல் என்று செய்தி வந்தால் டீக்கடையில் முகங்கள் மலரும். எழுபதுக்குக் கீழே என்றால் குறுவையைப் பற்றிய பேச்சே அடங்கிவிடும். ஆனால், அணையில் நிற்கும் அளவுகோல்தான் தண்ணீரைத் தருகிறது என்று எந்த விவசாயியும் நினைப்பதில்லை. அளவுகோலில் உள்ள எண்ணை மாற்றி எழுதினால் வயல் நனைந்துவிடாது. குடகில் மழை பெய்ய வேண்டும்.

இந்தத் தெளிவு, நம் உடம்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் எங்கோ போய்விடுகிறது! சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் காணப்படும் அழற்சி அளவுகளைப் பற்றி, குறிப்பாகச் சி.ஆர்.பி. என்னும் புரதத்தைப் பற்றி, இப்பொழுது ஊருக்கு ஊர் பேச்சு. இரத்தப் பரிசோதனை முகாம்களின் துண்டறிக்கைகளில் அந்தப் பெயர் அடிபடுகிறது. வேதியியல் படிக்கும் மாணவன் என்ற முறையிலும், நடவு வேலைக்குப் போகும் ஒரு தாயின் மகன் என்ற முறையிலும் இதைப் பற்றி என் கருத்தை ஆண்டு மலரில் எழுத விரும்பினேன். அந்த எண்ணைக் காசு கொடுத்து வாங்குவதை விட, அதை உயர்த்துகிற புண்ணையும் பல் ஈறையும் பார்ப்பதே நம் மாவட்டத்து ஏழை எளியவர்களுக்கு முதல் தேவை என்பது என் துணிபு.

முதலில் நோயின் அளவைச் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இலேயே இந்நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். அந்நாளில் இதைப் ‘பணக்கார வியாதி’ என்பார்கள். இன்று எங்கள் தெருவில் ஓட்டு வீடு, கூரை வீடு என்று பாராமல் மாத்திரை அட்டை தொங்குகிறது. பணக்கார வியாதி என்ற பெயரில் பணக்காரன் போய்விட்டான், வியாதி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது!

அழற்சி என்றால் என்ன? காலில் முள் தைத்த இடத்தைப் பாருங்கள். சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். உடலின் காவற்படையாகிய வெள்ளை அணுக்கள் அங்கே கூடிப் போரிடுகின்றன என்பதன் அடையாளங்களே இவை நான்கும். போர் முடிந்தால் படை கலைந்துவிடும். இது நன்மையான அழற்சி. இது இல்லாவிட்டால் நாம் ஒரு முள்ளுக்கே பலியாகிவிடுவோம். இன்னொரு வகை உண்டு. அதில் சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. படை கலையாமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லிய அளவில் புகைந்துகொண்டே இருக்கும். உமியில் பிடித்த நெருப்பைப் போல என்று சொல்லலாம். மேலே பார்த்தால் சாம்பல். உள்ளே கைவைத்தால் தெரியும். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இந்தப் புகைச்சலுக்கு ஒரு பெரிய காரணம். ஆறாத புண், சீழ் பிடித்த ஈறு, புகைப் பழக்கம் ஆகியவையும் காரணங்களே.

இதற்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இன்சுலினை மடை திறக்கும் ஆளாக எண்ணிக்கொள்ளுங்கள். இரத்தம் என்னும் வாய்க்காலில் சர்க்கரை ஓடி வருகிறது. இன்சுலின் வந்து மடையைத் திறந்தால்தான் தசைகளும் கொழுப்புத் திசுவும் அதை எடுத்துக்கொள்ள முடியும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் மடை திறப்பவன் பெரும்பாலும் வருகிறான், ஆனால் பலகை இறுகிக் கிடக்கிறது. வாய்க்கால் ததும்புகிறது, வயலோ காய்கிறது. உண்டும் உடல் சோர்வது இதனால்தான். பலகை ஏன் இறுகியது? 1993-இல் அமெரிக்காவில் ஹோத்தமிஸ்லிகில் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒன்றைக் கண்டார்கள். பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவிலிருந்து டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் அழற்சிப் பொருள் சுரந்தது. அதைச் செயலிழக்கச் செய்தபோது இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. அதுவரை வெறும் சேமிப்புக் கிடங்கு என்று எண்ணப்பட்ட கொழுப்பு, தானே செய்தி அனுப்பும் உறுப்பு என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

எதிர்த்திசையிலும் இந்த உறவு உண்டு. கூடிய சர்க்கரை அழற்சியைத் தூண்டும். இங்கே நம் வேதியியல் வருகிறது. சர்க்கரை மூலக்கூறின் ஆல்டிஹைடு தொகுதி, புரதத்தின் அமினோ தொகுதியோடு எந்த நொதியின் துணையும் இல்லாமல் தானாகவே சேர்ந்துவிடும். 1912-இல் மையார் என்னும் பிரெஞ்சு வேதியியலார் எழுதிய வினை இதுவே. அடுப்பில் ரொட்டி சிவப்பதும், பால்கோவா நிறம் மாறுவதும் இதன் வேலைதான். அடுப்பில் நிமிடங்களில் நடப்பது உடம்பின் சூட்டில் வாரங்களில் நடக்கிறது. இவ்வாறு சர்க்கரை ஏறிக் கெட்டுப்போன புரதங்களைக் காவற்படை பகையாகக் கருதித் தாக்குகிறது. அழற்சி சர்க்கரையை ஏற்ற, சர்க்கரை அழற்சியை ஏற்ற, செக்குமாடு சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதே வினைதான் நமக்கு ஒரு நல்ல அளவுகோலையும் தந்திருக்கிறது. சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். ஏனெனில் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஈரான் நாட்டு அறிஞர் சாமுவேல் ரஹ்பர் 1960-களின் இறுதியில் சர்க்கரை நோயாளிகளிடம் இதைக் கண்டறிந்தார். எச்.பி.ஏ.1.சி. என்று ரிப்போர்ட்டில் வருவது இதுதான். பெரும்பாலோருக்கு நூற்றுக்கு 7-க்குக் கீழே இருப்பது நலம் என்பார்கள். பரிசோதனைக்கு முந்திய நாள் மட்டும் பட்டினி கிடந்து இந்த எண்ணை ஏமாற்ற முடியாது! ஆனால் நம் வயற்காட்டுப் பெண்களிடம் ஒரு சிக்கல் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை இருந்தால் இந்த எண் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் இரத்த இழப்பு நேர்ந்திருந்தால் குறைத்துக் காட்டலாம். எனவே இதைப் பார்க்கும் மருத்துவர் ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி சி.ஆர்.பி.க்கு வருவோம். 1930-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். கல்லீரல் செய்கிற புரதம் இது. உடலில் எங்கே போர் மூண்டாலும் இதன் அளவு ஏறும். கடுமையான தொற்றில் நூறு மடங்குக்கும் மேல் ஏறும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இருதய ஆபத்து குறைவு, 3-க்கு மேல் இருந்தால் அதிகம் என்று 2003-இல் அமெரிக்க இருதயச் சங்கம் வகுத்தது. 10-ஐத் தாண்டினால் வேறு தொற்று இருக்கிறதா என்று பார், சில வாரம் கழித்து மறுபடி அள என்பதும் அந்த விதியிலேயே உள்ளது. துண்டறிக்கைகளில் முற்பாதியைத்தான் அச்சடிக்கிறார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு சி.ஆர்.பி. கூடுதலாக இருக்கிறது என்பதில் ஐயமில்லை. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 26,001 பேரைப் பரிசோதித்துத் தொடங்கிய பெரிய ஆய்வின் ஒரு பகுதி, 2005-இல் நம் தமிழ் மக்களிடமே இதைக் காட்டியது. அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வொன்று 2001-இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. நோய் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, பின்னாளில் நோய் வந்தவர்களுக்கு இந்த அளவு உயர்ந்திருந்ததாம். அப்படியானால் சி.ஆர்.பி.தான் நோயைக் கொண்டுவருகிறதா?

இந்தக் கேள்விக்கு 2008-இல் வந்த விடை என்னை மிகவும் கவர்ந்தது. சிலருக்குப் பிறவியிலேயே, மரபணு அமைப்பினால், சி.ஆர்.பி. சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்தப் புரதமே குற்றவாளி என்றால் இவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வர வேண்டுமல்லவா? வரவில்லை. காரணம் அந்தப் புரதத்துக்கு மேற்கே, ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டினார்கள். 2017-இல் வெளியான வேறொரு பெரும் சோதனையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இருதய நோயாளிகளுக்கு அழற்சியைக் குறைக்கும் விலையுயர்ந்த ஊசி போட்டார்கள். சி.ஆர்.பி. நன்றாகவே இறங்கியது, மாரடைப்பும் ஓரளவு குறைந்தது. ஆனால் புதிதாகச் சர்க்கரை நோய் வருவதை அது தடுக்கவில்லை. மேட்டூர் அளவுகோலை நான் முதலில் இழுத்தது இதற்காகத்தான்.

அழற்சிக்கு மருந்து கொடுத்துச் சர்க்கரையைக் குறைக்கும் எண்ணம் புதிதன்று. 1876-இலேயே எப்ஸ்டீன் என்ற ஜெர்மானிய மருத்துவர், சோடியம் சாலிசிலேட்டை அதிக அளவில் கொடுத்தால் நோயாளியின் சிறுநீரில் சர்க்கரை குறைவதாக எழுதினார். ஆஸ்பிரினின் உறவுப் பொருள் அது. 2013-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த சால்சலேட்டை ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சராசரி 0.37 புள்ளி குறைந்தது. குறைவு உண்மைதான், ஆனால் சிறியது. சிறுநீரகத்தைப் பற்றியும் கெட்ட கொழுப்பைப் பற்றியும் கேள்விகள் எழுந்ததால் அது சர்க்கரை மருந்தாக வழக்கத்துக்கு வரவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். இரைப்பையில் புண் வந்தால் அதுவும் ஓர் அழற்சியே!

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் ஊரில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தார் முகாம் போட்டார்கள். ‘முழு உடல் பரிசோதனை, சலுகை விலை’ என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகச் சுற்றியது. அம்மா ஐந்து நாள் நடவுக் கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். எட்டுப் பக்க ரிப்போர்ட் வந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரை 214. சி.ஆர்.பி. 18, அதன் எதிரில் சிவப்பு மையில் ‘இருதய ஆபத்து மிக அதிகம்’. அம்மா அன்று இரவு உறங்கவில்லை. நெஞ்சு வலி எப்பொழுது வரும் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மேலும் ஒரு பரிசோதனை செய்ய வேண்டும், அதற்கு இன்ன விலை என்று மறுநாள் தொலைபேசியில் அழைப்பும் வந்தது.

அவருடைய இடது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு இடையே சேற்றுப்புண் வெடித்துச் சீழ் கோத்திருந்ததை அந்த முகாமில் ஒருவரும் பார்க்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. நடவு காலத்தில் சேற்றுப்புண் இல்லாத கால் எங்கள் தெருவில் எது? அதைப் போய் ஒரு நோயென்று யார் சொல்வார்கள்? அவருக்கு வலியும் அவ்வளவாக இல்லை. நீண்ட நாள் சர்க்கரையால் கால் நரம்புகள் மரத்துப் போகும் என்பதும், வலி இல்லாதிருப்பதே ஆபத்தின் அறிகுறி என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அக்கா ஒருவர் ரிப்போர்ட்டைப் புரட்டுவதற்கு முன்பே, “செருப்பைக் கழற்றுங்கம்மா, காலைப் பார்ப்போம்” என்றார். பார்த்தார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். புண்ணைக் கழுவிக் கட்டி, மருந்து கொடுத்து, பதினைந்து நாள் சேற்றில் இறங்கக்கூடாது என்றார்கள். புண் ஆறியது. அடுத்த மாதம் அதே மாத்திரைகளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 148. இதை ஓர் ஆராய்ச்சி முடிவாக நான் சொல்லவில்லை. அந்த ஒரு மாதம் அம்மா மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. இரவுச் சோற்றையும் குறைத்துக்கொண்டார். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் தொற்று இருக்கும்போது உடல் சுரக்கும் கார்டிசால், அட்ரினலின் போன்ற பொருள்கள் சர்க்கரையை ஏற்றும் என்பது எல்லாப் பாடநூல்களிலும் உள்ள செய்தி. 18 என்ற அந்த எண் காலைப் பார் என்று கத்தியது. அதை நெஞ்சைப் பார் என்று மொழிபெயர்த்து விலை பேசினார்கள். என் கோபம் அந்த எண்ணின் மேல் அன்று.

பல் ஈறுக்கும் இதே கதைதான். ஈறில் இரத்தம் வந்தால் நம் வீடுகளில் யாரும் பொருட்படுத்துவதில்லை. பல் ஆடினால் பிடுங்கிவிடுவதோடு சரி. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் சர்க்கரை நோயாளியின் சராசரி அளவு 0.4 புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2022-இல் எழுதியிருக்கிறார்கள். மேலே சொன்ன சால்சலேட்டின் பலனோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ அதே பலன்! பல்லைச் சுத்தம் செய்வதால் சிறுநீரகத்துக்குக் கேடு வந்ததாக யாரும் சொன்னதில்லை. வெற்றிலை பாக்குப் போடும் நம் ஊர்ப் பெரியவர்கள் எத்தனை பேர் பல் மருத்துவரைப் பார்த்திருப்பார்கள்? பாட்டியிடம் கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பற்கள் இல்லை.

அரிசியைப் பற்றிச் சொல்லாமல் தஞ்சைக்காரன் சர்க்கரை நோயைப் பற்றி எழுத முடியாது. வெள்ளை அரிசி மிகுதியாக உண்பதற்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதும், அது தெற்காசியாவில் கூடுதலாகத் தெரிகிறது என்பதும் 21 நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வின் முடிவு. சரி. ஆனால் நியாயவிலைக் கடையில் கிடைக்கும் அரிசியை வைத்து மூன்று வேளையை ஓட்டும் குடும்பத்திடம் போய் ‘சோற்றை விடு’ என்று சொல்வது உபதேசமாகுமே தவிர வழியாகாது. பருப்பும் கீரையும் காயும் அந்தத் தட்டில் ஏறுவதற்கு என்ன செய்யலாம் என்பது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள்.

சி.ஆர்.பி. பரிசோதனையே வீண் என்று நான் சொல்வதாகப் பேராசிரியப் பெருமக்கள் கருதிவிடக் கூடாது. தொற்றின் போக்கை அறியவும், இருதய ஆபத்தை எடை போடவும் மருத்துவர்கள் அதைக் கேட்பதுண்டு. அவர்கள் கேட்கட்டும். கேட்கிற மருத்துவருக்கு விடை எதற்கு என்று தெரியும். ஆட்டோவில் வரும் ஒலிபெருக்கிக்கு அது தெரியாது. மாதாமாதம் அந்த அளவைப் பார்த்தால் சர்க்கரை கட்டுப்படும் என்று எந்த ஆய்வும் எனக்குச் சொல்லவில்லை.

நம் மாநிலத்தில் நல்ல ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் அத்திட்டம் பெற்றது. சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கென ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டத்தையும் அரசு எடுத்தது. இவற்றோடு இன்னும் இரண்டு சேர வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒன்று, மூன்று மாதச் சராசரிப் பரிசோதனைக்காக ஒரு கூலித் தொழிலாளி ஒரு நாள் வேலையை விட்டுத் தஞ்சை மருத்துவக் கல்லூரி வரை பஸ் ஏறாமல், தன் ஊருக்குப் பக்கத்திலேயே இரத்தம் கொடுக்க வழி வேண்டும். மற்றொன்று, மாத்திரை கொடுக்க வரும் கை அந்த வீட்டாரின் காலையும் வாயையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

நாமும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தினர் ஆண்டுதோறும் ஏழு நாள் முகாமில் கோயில் வளாகத்தைப் பெருக்குகிறோம், சாலையோரம் செடி நடுகிறோம். அதில் ஒரு நாளைச் செவிலியர்களின் துணையோடு கால் பார்க்க ஒதுக்கலாம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை உண்டு. அதை உள்ளங்காலில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா, மரத்துப் போயிற்றா என்று அறியலாம். விரலிடுக்கைப் பார்க்க ஒரு டார்ச் விளக்கு. இரவில் வெந்நீரில் காலை வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விடச் சொல்ல ஒரு வாய். மரத்த கால் சூட்டை அறியாமல் வெந்துவிடும். இவ்வளவுதான்.

முகாமைச் சம்பா நடவு மும்முரமாவதற்கு முன், ஆடியிலோ ஆவணித் தொடக்கத்திலோ வைத்தால் புண் வருவதற்கு முன்பே காலைப் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை என்று மட்டும் வைக்க வேண்டாம். வேலை இருக்கும் நாளில் எங்கள் தெருவில் ஞாயிறு திங்கள் கிடையாது. மாலை ஐந்து மணிக்கு மேல் வயலிலிருந்து கரையேறி, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு வருவார்கள். அந்த நேரம் சரியாக இருக்கும்.